மிச்சம் யார் கணக்கில்?

திண்டுக்கல் சமவெளியில் நெல்லுச்சோறு தினசரிச் சாப்பாடாகி மூன்று தலைமுறைதான் இருக்கும். மேற்கே கொடைக்கானல் மலை, தெற்கே சிறுமலை, நடுவில் குடகனாறு. அந்த ஆற்றில் தண்ணீர் ஓடியதைப் பார்த்தவர்கள் வருஷம் சொல்லி நினைவு வைத்திருப்பார்கள், அவ்வளவு அபூர்வம். ஆத்தூர்ப் பக்கம் கொஞ்சம் நஞ்சை உண்டு. மற்றதெல்லாம் சோளம், கம்பு, கடலை, மொச்சை என்று வானம் பார்த்த பூமி. நெல்லுச்சோறு பொங்கலுக்கு, தீபாவளிக்கு, கல்யாணத்துக்கு. மற்ற நாளில் கம்மஞ்சோறு, சோளச்சோறு.

சோளச்சோறு ஆக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஊறவைத்து, உரலில் குத்தி, தவிடு புடைத்து, விறகடுப்பில் நெடுநேரம் வேகவிட வேண்டும். காட்டு வேலைக்குப் போய்விட்டு வரும் பெண்ணால் ஒரு நாளைக்கு ஒருமுறைதான் அது முடியும். அதனால் சாயங்காலம் ஒரே உலை. ராத்திரி சுடச்சுடச் சாப்பாடு. மீதியை உருண்டை பிடித்துப் பானைத் தண்ணீரில் போட்டால் காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்துக் குடிக்கலாம். அதே கரைசல் தூக்குவாளியில் காட்டுக்கும் போகும். ஊற்றியிருந்த தண்ணீர் நீச்சத்தண்ணி. அதிலும் உப்பைப் போட்டுக் குடித்துவிடுவார்கள்.

இதை மிச்சம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மறுநாள் காலைக்கும் சேர்த்தே உலை வைத்தார்கள், அவ்ளோதான். ராத்திரிச் சோறு முதல் கட்டம், பழையது இரண்டாம் கட்டம். அதற்கு மேல் போனால் மூன்றாம் கட்டமும் இருந்தது. மிஞ்சிய சோற்றை அரைத்துச் சீரகமும் மிளகாயும் சேர்த்து வெயிலில் வடகம் போடுவது, மிஞ்சிய புளிக்குழம்பைச் சுண்டவைத்து அடுத்த நாள் வெஞ்சனம் ஆக்குவது. அதுவும் தாண்டியது கழனித் தொட்டிக்குப் போய் மாட்டுக்கு. மென்பொருள் வேலையில் இருக்கிற எனக்கு இதைப் பார்த்தால், ஒன்றின் வெளியீடு அடுத்ததின் உள்ளீடாகப் போகும் பைப்லைன் என்றுதான் தோன்றும்.

பழைய சோற்றில் இரும்புச்சத்து இருபது மடங்கு ஏறிவிடுகிறது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வருஷத்துக்கு இரண்டு முறை வரும். இரும்பு ஒரு தனிமம். பானைக்குள் ராவோடு ராவாக அது உற்பத்தியாகாது. நொதித்தலில் லாக்டிக் அமிலக் கிருமிகள் தானியத்திலுள்ள ஃபைட்டேட்டைச் சிதைப்பதால், இருக்கிற இரும்பை உடல் கொஞ்சம் எளிதாக எடுத்துக்கொள்ள முடியும். அதுவே நல்ல விஷயம்தானே, அதற்கு மேல் எதற்குப் பொய்? கெட்டுப்போகக் கூடியதைக் கட்டுப்பாட்டோடு புளிக்கவைத்துக் காப்பாற்றியதே பெரிய தொழில்நுட்பம்தான்.

இந்த ஏற்பாடு ஒரு கணக்கின் மேல் நின்றது. 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி. தானியக் குதிருக்குள்ளோ பானைக்குள்ளோ ஓர் ஆழாக்கு கிடக்கும். சாணார்பட்டிப் பக்கம் இருந்த எங்கள் அப்பத்தா அதை வேறு யாரையும் தொட விடாது. "அரிசிய அளக்காம போடாத, சோத்த அளந்து போடாத" என்று எங்கள் அம்மாவிடம் சொல்லுமாம். உலையில் போடும்போது கணக்கு, தட்டில் போடும்போது கணக்கு பார்க்கக் கூடாது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அளந்து ஆக்கிய சோற்றை அளக்காமல் பரிமாறினால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் பற்றாக்குறை வரும். அந்தப் பற்றாக்குறை யார் தலையில் விழுந்தது என்பதை எந்தப் படியும் அளக்கவில்லை.

அரசாங்கம் இதற்கு நேரெதிராகச் செய்தது. அது தட்டை அளந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருஷப் பஞ்சத்தில், திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. 1877-இல் பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு 1 பவுண்டு தானியமும் 1 அணாவும் போதும் என்று குறைத்தார். 1 பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். நாள் முழுக்க மண் சுமக்கும் உடம்புக்கு! பெண்ணுக்கும் வேலை செய்யும் குழந்தைக்கும் அதிலும் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், குறைந்தது ஒன்றரைப் பவுண்டு வேண்டும், காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று சண்டை போட்டார். கடைசியில் மாகாண அரசு பாதி வழி இறங்கி வந்தது: 570 கிராம் தானியம், கூடக் கொஞ்சம் பருப்பு. வீணாகக் கூடாது என்கிற அக்கறை கஜானாவின் பக்கம் இருந்து வந்தால் அது எப்படி இருக்கும் என்பதற்கு டெம்பிளைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த முறை அரசாங்கம் தட்டுக்கு வந்தது இரண்டாம் உலகப் போரின்போது. 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனது, சென்னை மாகாணத்துக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. 1943-இல் சென்னையில் ரேஷன் வந்தது. பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. குடும்பத்தில் எத்தனை தலை என்று முதல்முறையாக ஒரு அட்டையில் எழுதினார்கள். இதே காலத்தில் பிரிட்டனில் உணவை வீணாக்குவதே குற்றம். 1940-இல் வந்த உத்தரவின்படி, தின்னக்கூடிய ரொட்டியைத் தூக்கியெறிந்தால் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும். இங்கே வீட்டுக்குள் எட்டிப் பார்க்க ஆள் இல்லை, ஆகவே வெளியே தெரிகிற விருந்தைப் பிடித்தார்கள். கல்யாணத்துக்கு இத்தனை பேருக்கு மேல் சாப்பாடு போடக் கூடாது என்ற விருந்தினர் கட்டுப்பாட்டு ஆணைகள் பல மாநிலங்களில் சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தன.

சுதந்திரம் வந்த பிறகு கெடுபிடி உபதேசமாக மாறியது. 1947 கடைசியில் காந்தி கேட்டுக்கொண்டதன் பேரில் கட்டுப்பாடுகள் தளர்ந்தன, விலை ஏறியது, அடுத்த வருஷமே திரும்ப வந்தன. 1951 தொடக்கத்தில் ஒரு ஆளுக்கான தினசரி தானிய ரேஷன் 12 அவுன்ஸிலிருந்து 9 அவுன்ஸ் ஆனது, அதாவது சுமார் 255 கிராம். உணவு அமைச்சர் கே. எம். முன்ஷி வாரம் ஒருவேளைச் சாப்பாட்டை விட்டுவிடச் சொன்னார். அவர் மனைவி லீலாவதி முன்ஷி முன்நின்று அரிசியும் கோதுமையும் இல்லாத பண்டங்களை விற்கும் அன்னபூர்ணா உணவகங்களைத் திறந்தார். சென்னை மாகாணத்தில் 1952 ஜூனில் ராஜாஜி ஒரே அடியாகக் கட்டுப்பாட்டை எடுத்தார். பதின்மூன்று வருஷம் கழித்து லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விடச் சொன்னபோது, பல ஊர்களில் ஹோட்டல்களே அந்த ராத்திரி மூடிக் கிடந்தன. கம்மங்கூழ் குடித்துக்கொண்டிருந்த சமவெளிக்கு, கோதுமையும் அரிசியும் இல்லாத சாப்பாடு என்று ஒரு அமைச்சர் வந்து கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது என்பது தனி வேடிக்கை.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்த ஆள் ஜே. சி. குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் படித்து, பம்பாயில் தணிக்கையாளராக இருந்தவர். தொழிலே ஆடிட்டிங். 1934 பீகார் பூகம்ப நிவாரண நிதியின் கணக்கு அவர் கைக்கு வந்தது. ஒரு தொண்டருக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு 3 அணா என்று வரம்பு வைத்தார். காந்தி தன் பரிவாரத்தோடு வந்தபோதும் அந்த வரம்பைத் தளர்த்த மறுத்துவிட்டார். கணக்குக் கேட்பது என்றால் இதுதான். மேலே இருப்பவரிடமும் கேட்க வேண்டும். மில்லில் தீட்டிய வெள்ளை அரிசியையும் அவர் வீணடிப்பின் கணக்கில்தான் எழுதினார். சத்துள்ள தவிட்டை உருவிவிட்டுச் சக்கையைக் கூடுதல் விலைக்கு வாங்குவதில் என்ன நாகரிகம் என்பது அவர் கேள்வி. நாம் தட்டோரம் ஒதுக்குவதை மட்டும் வீண் என்கிறோம். அவர் ஆலையிலிருந்தே எண்ணத் தொடங்கினார். கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டியில் கழித்து 1960-இல் இறந்தார். திண்டுக்கல் அருகே சின்னாளபட்டிப் பக்கம், 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமமும் இதே மரபின் கிளைதான்.

சரி, இவ்வளவும் உலையையும் தட்டையும் அளந்த கதை. இரண்டுக்கும் நடுவே மிச்சத்தை உண்மையில் தின்று தீர்த்தது யார்?

முதலில் அந்த வீட்டுப் பெண். எல்லாரும் சாப்பிட்ட பிறகு, பானையில் என்ன இருக்கிறதோ அதுதான் அவள் பங்கு. அதிகம் இருந்தால் வீணாகக் கூடாதே என்று வயிறு முட்டத் தின்றாள். இல்லாவிட்டால் அடியில் ஒட்டிய காந்தலைச் சுரண்டிப் போட்டுக்கொண்டு மேலே நீச்சத்தண்ணியைக் குடித்தாள். தினமும் மாறுகிற தேவைக்கும் மாறாத உலைக்கும் இடையே ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் பகுதியை எங்கள் தொழிலில் பஃபர் என்போம். பழைய காலத்தில் எதுவும் வீணாகவில்லை என்று பெருமை பேசும்போது, அந்த பஃபர் ஒரு மனுஷியின் உடம்பு என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது ஊழியம் செய்த குடிகள். துணி வெளுத்தவர்களும் முடி வெட்டியவர்களும் சாயங்காலம் வீடு வீடாகப் போய் வாங்கிய ராச்சோறு, தமிழ்நாட்டின் பல கிராமங்களில் கூலியின் பகுதியாகவே நடந்தது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவலில் ஆரோக்கியம் அப்படிச் சோறு எடுக்கப் போகிறாள். அது வட மாவட்டக் கதை, ஆனால் எந்த மாவட்டத்துக்காரருக்கும் அந்தக் குரல் புரியும். அங்கே மிச்சத்துக்கு விலை உண்டு, கொடுப்பவர் தீர்மானிக்கும் விலை. 1927-இல் மகாடில் அம்பேத்கர் தன் மக்களிடம் சொன்னவற்றில் ஒன்று, மற்றவர் போடும் எச்சில் மிச்சத்தைச் சாப்பிடுவதை நிறுத்துங்கள் என்பது. பசி இருந்த காலத்தில், பசியோடு இருந்தவர்களிடம் சொன்னது. "மிச்சத்தை வீணாக்காதே" என்ற வாக்கியம் யார் வாயிலிருந்து யாருக்கு வருகிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். கல்யாண மண்டபத்தில் மிஞ்சியதை ராத்திரி பதினொரு மணிக்கு ஏதோ ஒரு விடுதிக்கு அனுப்பிவிட்டுப் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இது ஞாபகம் வரும். மிஞ்சும் என்று தெரிந்தேதானே ஆர்டர் கொடுத்தார்கள்?

அதன் பிறகு எல்லாம் வேகமாக மாறிப்போனது. பசுமைப் புரட்சி, பம்பு செட், ரேஷன் அரிசி. 2008-இல் கிலோ 1 ரூபாய், 2011-இல் இலவசம். கம்பும் சோளமும் தட்டிலிருந்து இறங்கி, இப்போது சூப்பர் மார்க்கெட்டில் 'மில்லட்' என்ற பேரில் கூடுதல் விலைக்குத் திரும்பியிருக்கின்றன. இன்று பசியால் யாரும் காந்தலைச் சுரண்ட வேண்டியதில்லை என்பது மிகப் பெரிய விஷயம். அதைக் குறைத்துச் சொல்ல நான் தயாராக இல்லை.

ஆனால் ஐ.நா.வின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் இந்திய வீடுகள் வீணாக்குவது ஆளுக்கு வருஷம் 55 கிலோ. நாளுக்கு 150 கிராம். 1951-இன் 255 கிராம் ரேஷனோடு இதை ஒப்பிடக் கை பரபரக்கிறது, ஆனால் அது நேர்மையான ஒப்பீடு ஆகாது. 55 கிலோவில் வாழைப்பழத் தோலும் எலும்பும் அடக்கம். அதோடு அது ஈரமான எடை, ரேஷன் உலர்ந்த தானியம்.

நடுவில் வந்த ஃபிரிட்ஜ் செய்த வேலையைத்தான் கவனிக்க வேண்டும். பானைச் சோற்றுக்கு ஒரு கெடு உண்டு. காலைக்குள் முடிவெடுக்காவிட்டால் நாளைக்கு நாறும், வீடே கேட்கும். ஃபிரிட்ஜ் அந்தக் கெடுவைத் தள்ளிப்போட்டது, கூடவே கேள்வியையும் தள்ளிப்போட்டது. ஒரு டப்பாவில் அரைக் கரண்டி சாம்பார், இன்னொன்றில் என்னவென்று தெரியாத கூட்டு. நாலாம் நாள் எறியும்போது அது யார் ஆக்கியது, யாருக்காக ஆக்கியது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. இன்னும் கெடுவோடு ஓடுவது இட்லி மாவு மட்டும்தான். முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, புளித்தால் ஊத்தப்பம், பணியாரம். மாவு வீணாகிற வீடு இன்னும் குறைவுதான்.

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். செயலி எழுதலாம் என்றுதான் நினைத்தேன், அம்மாவுக்குக் கண்ணாடி போட்டு போனைத் திறக்கப் பொறுமை இல்லை. தேதி, என்ன மிஞ்சியது, யார் ஆக்கியது அல்லது யார் ஆர்டர் போட்டது, எப்படித் தீர்ந்தது என்று நாலு பத்தி. ஞாயிற்றுக்கிழமைதான் அதிகம் மிஞ்சுகிறது. அதுவும் பெரும்பாலும் வெளியிலிருந்து வரவழைத்த பிரியாணிக்குப் பக்கத்தில் வீட்டில் வடித்த வெறும் சோறு. அளவைக் குறைத்ததும் ஒரு மாதத்தில் குப்பைவாளி கனம் இறங்கியது நிஜம்.

ஆனால் நாலாவது பத்தியைப் புரட்டினால் பாதிக்கு மேல் ஒரே பேர்: அம்மா. "நான் சாப்ட்டுக்கிறேன், விடுப்பா, இதெல்லாம் ஒரு விஷயமா" என்று அது பாட்டுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அப்பாவின் பேர் அதில் இல்லவே இல்லை. அதனால் ஐந்தாவதாக ஒரு பத்தி போட்டோம், கிழமை வாரியாக முறை. புதன்கிழமை அப்பா. முதல் புதனுக்குச் செவ்வாய்க்கிழமைச் சோறும் சுண்டவைத்த புளிக்குழம்பும் இருந்தது. அப்பா நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சின்ன வெங்காயம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.