அரை நோட்டும் அம்மாவின் கூறைப்புடவையும்

“மதிப்பு எவ்வளவு போடட்டும்?” என்று கவுண்டரில் இருந்தவர் கேட்டபோது நான் பெரிதாக யோசிக்கவில்லை. “நாலாயிரம் போடுங்க சார்” என்றேன். பார்சலுக்குள் இருந்தது அம்மாவின் கூறைப்புடவை. அம்மா தவறிய பிறகு பீரோவை ஒழித்தபோது கிடைத்தது. வெளிநாட்டில் இருக்கும் அக்காவின் மகளுக்குக் கல்யாணம். பாட்டி கட்டிய புடவையை அவள் கட்டணும் என்று அக்காவுக்கு ஆசை. மதிப்பைக் கூட்டிப் போட்டால் இன்சூரன்ஸ் கட்டணம் கூடும், அங்கே சுங்கத்திலும் இழுத்தடிப்பார்கள். பழைய புடவைதானே, நாலாயிரம் போதும் என்று நினைத்தேன்.

பார்சல் போய்ச் சேரவில்லை. டிராக்கிங்கில் இங்கிருந்து கிளம்பியதாக ஒரு வரி. அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

அக்கா அங்குள்ள தபால் நிலையத்தில் போய்க் கேட்டாள். அனுப்பியவர்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தொலைத்தது யாரோ, அலைவது நாமா என்று எனக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்தில்தான் இந்த விதியெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தொலைந்த தபாலுக்குப் பணம் கேட்கலாம் என்பதே அவ்வளவு லேசில் கிடைத்த உரிமை இல்லை என்று அப்புறம்தான் புரிந்தது.

இங்கிலாந்தில் 1701இல் ஒரு வழக்கு முடிந்தது. லேன் என்பவர் அரசாங்கக் கருவூலப் பத்திரங்களைக் கடிதத்துக்குள் வைத்து லண்டன் தபால் அலுவலகத்தில் கொடுத்தார். அலுவலகத்துக்குள்ளேயே அது திருட்டுப் போனது. தபால் துறைத் தலைவர்களாக இருந்த காட்டன், ஃபிராங்க்லண்ட் இருவர்மீதும் அவர் வழக்குப் போட்டார். நீதிபதிகளில் மூன்று பேர் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். தபால் என்பது அரசாங்கக் காரியம், கூலிக்குச் சுமை ஏற்றும் வண்டிக்காரன் தொழில் அல்ல, எனவே தலைவர்கள் பொறுப்பாக மாட்டார்கள் என்பது வாதம். தலைமை நீதிபதி ஜான் ஹோல்ட் மட்டும் மாறுபட்டார். காசு வாங்கிக்கொண்டு பொருளைக் கையில் வாங்கியவர்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் தோற்றார். 1778இல் இதேபோல இன்னொரு வழக்கு வந்தபோது நீதிபதி மான்ஸ்ஃபீல்டும் பழைய தீர்ப்பையே உறுதி செய்தார்.

அரசாங்கம் பொறுப்பேற்காது என்று ஆனதும் ஜனங்கள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ரூபாய் நோட்டை இரண்டாக வெட்டுவது! ஒரு பாதியை முதலில் தபாலில் அனுப்பி, வந்து சேர்ந்தது என்று பதில் வந்த பிறகு மறு பாதியை அனுப்புவது. இங்கிலாந்தில் இருந்த இந்தப் பழக்கம் 19ஆம் நூற்றாண்டு இந்தியாவிலும் இருந்தது. ஒட்டிய தழும்போடு அந்தக் கால நோட்டுகள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. எனக்கு இது படித்ததும் சிரிப்பு வந்தது, உடனே வலித்தது. புடவையை எப்படி இரண்டாக வெட்டுவது?

1898இன் இந்திய அஞ்சல் அலுவலகச் சட்டத்தின் 6ஆம் பிரிவும் அந்தப் பழைய நிலைப்பாட்டைத்தான் பிடித்துக்கொண்டது. தபால் தொலைந்தாலும் தாமதமானாலும் சேதமானாலும், வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட அளவைத் தவிர அரசாங்கத்துக்குப் பொறுப்பு இல்லை. ‘ஏற்றுக்கொண்ட அளவு’ என்ற அந்தச் சின்ன இடுக்கு வழியாகத்தான் இன்சூரன்ஸ் உள்ளே வருகிறது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2023இல் புதுச் சட்டம் வந்தது. அதிலும் நிலைப்பாடு ஏறக்குறைய அதேதான்.

நாடு விட்டு நாடு போகும் தபாலுக்கு வேறொரு கதை. 1874 அக்டோபர் 9ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி உருவாக்கிய ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதுதான் இன்றைய உலக அஞ்சல் ஒன்றியத்தின் தொடக்கம். இந்தியா 1876இல் சேர்ந்தது. பதிவுத் தபால் தொலைந்தால் 50 பிராங்க் இழப்பீடு என்று அந்த முதல் ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். அன்றைய பிராங்க் தங்கத்தில் நின்றது. 50 பிராங்க் என்றால் சுமார் 14.5 கிராம் தங்கம், அதாவது இரண்டு சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. 1880இல் பாரிஸில் பார்சல்களுக்கும் தனி உடன்பாடு வந்தது.

இப்போது கணக்கு தங்கத்தில் இல்லை. சர்வதேச நிதியத்தின் எஸ்.டி.ஆர். என்ற அலகில் போடுகிறார்கள். டாலர், யூரோ, யுவான், யென், பவுண்டு ஐந்தையும் கலந்து மதிப்பிடும் அலகு அது. சாதாரணப் பதிவுத் தபால் தொலைந்தால் 30 எஸ்.டி.ஆர்., தோராயமாக 40 டாலர். இன்றைக்கு அதை வைத்து ஒரு கிராம் தங்கம்கூட வாங்க முடியாது. இன்சூர் செய்த பார்சலுக்கு மட்டும் நாம் எழுதிக் கொடுத்த மதிப்பு வரை கேட்கலாம். உண்மை மதிப்பை விடக் கூட்டி எழுதினால் மோசடி. குறைத்து எழுதலாம், தடை இல்லை. ஆனால் அந்தக் குறைந்த தொகைதான் உச்சவரம்பு. நஷ்டம் பார்த்துப் போடும் கணக்கில் ஏக்கத்துக்கு இடமில்லை.

விசாரணை கேட்க ஆறு மாத அவகாசம் உண்டு. பார்சலைக் குறிப்பு ஏதும் எழுதாமல் வாங்கிக்கொண்டு, அடுத்த கைக்குக் கொடுத்ததைக் காட்ட முடியாத நிர்வாகமே பொறுப்பு. எங்கே தொலைந்தது என்றே தெரியாவிட்டால் சுமையைப் பகிர்ந்துகொள்வார்கள். ஹோல்ட் சொன்ன ‘கையில் வாங்கியவர்’ தர்க்கம் இப்படிச் சுற்றி வளைத்து ஜெயித்துவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அக்காவை ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்பதற்கும் விடை கிடைத்தது. பெறுநர் கைக்குப் போகும்வரை பார்சல் அனுப்பியவருக்கே சொந்தம். இதை அக்காவிடம் போனில் சொன்னேன்.

“என்னடா உனக்குச் சொந்தம்? அது அம்மாவோடது” என்றாள்.

அனுப்புநர் எழுதிக் கொடுத்தால் இழப்பீட்டு உரிமையைப் பெறுநருக்கு மாற்றலாம் என்று ஒரு விதி இருக்கிறது. “எழுதித் தரேன்க்கா, பணத்தை நீயே வாங்கிக்கோ” என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “நாலாயிரம்னு போட்டது நீதானே. நீயே வாங்கிக்கோ.”

அவளிடம் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ரசீது, படிவம், கடிதம் என்று நான்கு மாதம் அலைந்தேன். பணம் வந்தது. நான் எழுதிய தொகை எதுவோ அதுவே வந்தது. யாரும் என்னை ஏமாற்றவில்லை. கவுண்டரில் இருந்தவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். நான்தான் அதைக் கட்டணக் கணக்காக மட்டும் கேட்டுக்கொண்டேன்.

விதிகளில் கடைசியாக ஒன்றைப் படித்தேன். இழப்பீடு கொடுத்த பிறகு பார்சல் கிடைத்துவிட்டால் தகவல் சொல்ல வேண்டும். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டி, மூன்று மாதத்துக்குள் பொருளை எடுத்துக்கொள்ளலாம்.

கல்யாணம் முடிந்துவிட்டது. அக்கா மகள் வேறு புடவை கட்டினாள், படத்தில் அழகாகத்தான் இருந்தாள். அந்த நாலாயிரத்தை மட்டும் நான் இன்னும் தொடவில்லை.