அம்மம்மா படித்த பசாம்

உயிர்த்த ஞாயிறு என்றதும் வெளிநாட்டில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் முட்டையையும் முயலையும் பற்றிக் கேட்கிறார்கள். ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டில் அப்படி எதுவும் இருந்ததில்லை. தவக்காலம் தொடங்கினால் பின்னேரம் விளக்கு வைத்தபின் பாயை விரித்து அம்மம்மா பசாம் படிப்பார். என் நினைவில் முதலில் வருவது அந்தக் குரல்தான்.

கிறிஸ்துவின் பாடுகளை ஒப்பாரி இராகத்தில் படிப்பதே பசாம். சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. இந்த மரபில் மிகவும் அறியப்பட்ட நூல், 1705இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளாரின் 'வியாகுல பிரசங்கம்'. ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்து, குருமார் ஒளித்துத் திரிந்த காலம் அது. குருவானவர் வரமுடியாத ஊரில் இப்படியொரு புத்தகத்தின் பெறுமதி என்னவென்று இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

1990 ஓகஸ்ட்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியபோது எனக்கு இரண்டு வயது. அம்மம்மா கொண்டுவந்த பையில் காணி உறுதி, குடும்ப அட்டை, பசாம் புத்தகம் மூன்றும் இருந்தன. மாடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று நின்ற சின்னமாமா வரவேயில்லை.

யாழ்ப்பாணத்தில் வாடகை வீட்டிலும் வழக்கங்கள் மாறவில்லை. குருத்தோலை ஞாயிறன்று பனங்குருத்தில் சிலுவை பின்னி வாசலில் செருகுவோம். அடுத்த வருடம் அதை எரித்த சாம்பல்தான் சாம்பல் புதனன்று நெற்றிக்கு வரும். பெரிய வியாழனுக்குப் பிறகு கோயில் மணி அடிக்காது, மரக்கட்டையைத் தட்டுவார்கள். பெரிய வெள்ளி ஒருசந்தி. கோயிலில் கஞ்சி. கடலுக்கு யாரும் போகமாட்டார்கள். வீட்டில் ஆணி அடித்தால்கூட அம்மம்மா ஏசுவார்.

அன்று இரவு பசாம் நீளும். இறந்த மகனை மாதா மடியில் ஏந்தும் இடம் வந்ததும் அம்மம்மாவின் குரல் நின்றுவிடும். அம்மா புத்தகத்தை வாங்கித் தொடர்வார். ஏன் நிற்பாட்டுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"அவவுக்குப் பிள்ளையின்ர உடம்பையெண்டாலும் மடியில குடுத்தாங்கள் மோனை."

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. அந்த வருட உயிர்த்த ஞாயிறு மார்ச் 31. பதினொரு வருடத்துக்குப் பின் ஊரில் எங்கள் முதல் பாஸ்கா இரவு. இருட்டுக் கோயிலில் பாஸ்காத் திரி ஏறி, மணிகள் அடித்து, வெளியே சீனவெடி கொளுத்தினார்கள். சின்னப்பிள்ளைகள் நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டார்கள். பெரியவர்கள் சிரித்தார்கள், பிறகு சிரிக்கவில்லை. விடிய இடியப்பமும் ஆட்டிறைச்சிக் கறியும். பக்கத்துச் சைவ வீட்டுக்கு ஒரு பங்கு போனது. சித்திரை வருடப்பிறப்புக்கு அங்கிருந்து பலகாரம் வரும்.

அது நீடிக்கவில்லை. 2006 ஓகஸ்ட் 13 அன்று அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் எறிகணை வீச்சில் கொல்லப்பட்டார்கள். ஒரு கிழமைக்குள் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காணாமற்போனார். அடுத்த வருடம் ஊரடங்கு காரணமாக எங்கள் பாஸ்கா பூசை வெளிச்சத்திலேயே முடிந்தது. வெயிலில் திரி பிடித்து நின்றதை நினைத்தால் இப்போதும் ஒருமாதிரி இருக்கும்.

உயிர்த்த ஞாயிறன்று பசாம் படிப்பதில்லை. 2019 ஏப்ரல் 21 மட்டும் விலக்கு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆலயச் செய்திகளை வானொலியில் கேட்டபின், அம்மம்மா புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார்.

மறு வருடம் அவரும் போய்விட்டார். மாமாவின் விபரங்கள் காணாமல்போனோர் அலுவலகத்தில் ஒரு கோப்பாக இருக்கின்றன. இப்போது அம்மா படிக்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் சித்தி கேட்டதால் இந்தத் தவக்காலம் கைபேசியில் பதிவுசெய்து அனுப்பினேன். திரும்பக் கேட்டபோதுதான் கவனித்தேன், மடியில் ஏந்தும் இடத்தை மட்டும் அம்மா இராகமில்லாமல் வேகமாகப் படித்துக் கடந்திருக்கிறார்.