ஹார்னெல், ஜேம்ஸ்

ஜேம்ஸ் ஹார்னெல் (1865–1949) மன்னார் வளைகுடாவின் முத்தையும் சங்கையும் ஆராய்ந்த ஆங்கிலேயக் கடலுயிரியலாளர். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்தவர். இவர் காட்டிய காரணங்களில் முக்கியமான சில பின்னாளில் பொய்த்துப் போயின. கண்ணால் பார்த்து எழுதிவைத்தவை அப்படியே நிற்கின்றன. தென்னிந்திய மீன்பிடி பற்றி எழுத வருகிறவர்கள் அதனால்தான் இன்றும் இவருடைய பக்கங்களைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

1902-இல் லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் இலங்கையின் முத்துப்பார்களை ஆராயக் கப்பலேறியபோது, உதவியாளராக உடன் வந்தார். ஹெர்ட்மன் சில மாதங்களில் ஊர் திரும்பினார், ஹார்னெல் தங்கிவிட்டார். இருவர் உழைப்பும் 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக லண்டன் ராயல் சொசைட்டி வழியே வெளிவந்தது. முத்து ஏன் விளைகிறது என்பதற்கு அதில் சொன்ன விடை ஒரு நாடாப்புழு. சிப்பியின் உடலுக்குள் புகும் புழுக்குஞ்சைச் சுற்றித்தான் முத்து திரள்கிறது, சிப்பியைத் தின்னும் திருக்கையின் குடலில் அந்தப் புழு முதிர்கிறது என்றார்கள். அழகான கதைதான். ஆனால் 1912-இல் விலங்கியலாளர் லிஸ்டர் ஜேம்சன் சிப்பிகளை அறுத்துப் பார்த்து அதை மறுத்தார். ஓட்டைச் சுரக்கும் மேலுறைத் திசு இடம் மாறி உள்ளே போய்ப் பையாக மாறுவதே முத்துக்கு மூலம் என்பது பின்னர் நிலைபெற்றது.

சர் பிரெடெரிக் நிக்கல்சன் தொடங்கிவைத்த சென்னை மாகாண மீன்துறையில் அடுத்துச் சேர்ந்த ஹார்னெல், 1918 முதல் 1924 வரை அதன் இயக்குநர். முத்துக்குளிப்பு சில ஆண்டு கொழிக்கும், பல ஆண்டு வறண்டு கிடக்கும். சங்குகுளிப்பு அப்படியல்ல, தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் ஆண்டுதோறும் மூழ்கி எடுத்தார்கள். எடுத்த சங்கை அளவுத் துளையில் விட்டுப் பார்ப்பார்கள். நுழைந்துவிட்டால் அது பிஞ்சு, திரும்பக் கடலுக்கே. தேறியவை வங்காளத்துக்குப் போய் வளையலாயின. கடலே பார்க்காத சிவகாசி, விருதுநகர்ப் பக்கத்துச் சாவு வீடுகளில் ஊதும் சங்கும் இந்தக் கரையில் கிடைக்கும் அதே இனம்தான். 1914-இல் வெளியான ‘இந்தியாவின் புனிதச் சங்கு’ என்ற இவருடைய ஆங்கில நூல் குளிப்பு, வியாபாரம், வளையல் அறுப்பு, வழிபாடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்கிறது. கொற்கையில் தரையில் கிடந்த, ரம்பத்தால் அறுத்த தடம் தெரியும் சங்குத் துண்டுகளைப் பொறுக்கி, பழைய பாண்டியத் துறைமுகத்தில் வளையல் பட்டறை இருந்ததற்கு அவற்றைச் சான்றாக வைத்தார். மீன்துறை அதிகாரி செய்யவேண்டிய வேலையல்ல அது. செய்ததால் தொல்லியலாருக்கும் இவர் தேவைப்படுகிறார்.

மீன்களிலும் இதே கண். மலையாளக் கரையின் மத்திச்சாளை பற்றி ராமஸ்வாமி நாயுடுவுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை, அம்மீனின் இரை, வளர்ச்சி, வாழ்நாள் பற்றிய பிற்கால ஆய்வுகளுக்கெல்லாம் தொடக்கப் புள்ளி. சோழமண்டலக் கரையின் கோலா (பறக்கும் மீன்) பிடியைப் பற்றி எழுதியது இன்னும் சுவையானது. கோலாமரம் என்னும் கட்டுமரத்தில் கரை மறையும் தொலைவு போனவர்கள் தழைக் கட்டுகளைக் கயிற்றில் மிதக்கவிட்டுக் காத்திருப்பார்கள். முட்டையிட இடம் தேடும் கோலா அந்தத் தழைக்குள் மொய்க்கும். முட்டையின் நூல்கள் இலையில் பின்னிக்கொள்ளும். தழையை மெல்ல மரத்தருகே இழுத்து, கைவலையால் அள்ளவேண்டியதுதான். அந்தக் கோலாவில் ஓர் இனத்துக்கு 1923-இல் ‘கோரமண்டெலென்சிஸ்’ என்று பெயரிட்டவர் ஹார்னெல். அறிவியல் பட்டியல்களில் அப்பெயருக்குப் பின்னால் இவர் பெயர் இன்றும் வருகிறது.

படகு இவருடைய தீராத ஆசை. கட்டுமரம், வள்ளம், பக்கவாட்டில் மிதவைக்கட்டை பூட்டிய தோணி என ஒவ்வொன்றையும் வகைபிரித்து 1920-இல் எழுதினார். பாலினேசியர் தொடர்பே தென்னிந்தியப் படகுகளுக்கு மூலம் என்று அதில் வாதிட்டதைப் பின்வந்தோர் பலர் ஏற்கவில்லை. படகு விவரங்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஓய்வுக்குப் பின் பசிபிக் தீவுகளுக்கே போய்ப் பார்த்தார். மானிடவியலாளர் ஹாடனோடு சேர்ந்து எழுதிய ‘ஓசியானியாவின் ஓடங்கள்’ (1936–38), 1946-இல் வந்த ‘நீர்ப் போக்குவரத்து’ இரண்டும் அந்தத் தேடலின் விளைவு.

மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையில் முத்துக்குளிப்பு 1961-இல் நின்றது. 1947-இல் பிறந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் முத்து வளர்ப்பில் இறங்கியது. 1973 ஜூலையில் கே. அழகர்சாமியின் குழு அங்கே உருண்டை முத்தை விளைவித்தது. புழுவுக்கு அதில் வேலையில்லை. ஒரு சிப்பியின் மேலுறைத் துணுக்கையும் ஓட்டிலிருந்து கடைந்த சிறு மணியையும் இன்னொரு சிப்பிக்குள் வைத்து, காயம் ஆறியபின் கடலில் தொங்கவிடுவதுதான் முறை. அந்த மணியை இங்கேயே கடைவதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது சங்கின் ஓடு.