கோவேறு கழுதைகள் நடந்த பாதை

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் துவிச்சக்கர வண்டியில் ஏறும் ஒருவர், பொட்டோமாக் ஆற்றை ஒட்டியே 184½ மைல் சென்று கம்பர்லாந்து நகரை அடையலாம். அப்பாதை சைக்கிளுக்கென அமைக்கப்பட்டதன்று. கால்வாயிலே படகுகளை இழுத்துச் சென்ற கோவேறு கழுதைகளுக்காக வெட்டப்பட்டது.

1828ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் திகதி, ஜனாதிபதி ஜோன் குவின்சி அடம்ஸ் செசப்பீக்–ஒகையோ கால்வாய்க்கு முதல் மண் வெட்டினார். மண்வெட்டி வேரிலே தட்டியது. மேலங்கியைக் கழற்றிவிட்டே வெட்ட வேண்டியதாயிற்று. அதே தினத்தில் பால்டிமோரில் புகையிரதப் பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கால்வாயின் விதி அன்றே எழுதப்பட்டுவிட்டது போலும்!

மலைநாட்டை நோக்கி 605 அடி உயர்வதற்கு 74 மதகுப் பூட்டுகள் கட்டப்பட்டன. வேலை செய்தோரிற் பலர் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகள். 1832இல் வாந்திபேதி அவர்களிடையே பரவிப் பலரைக் கொன்றது. ‘போ போ’ என்னுமிடத்தில் மலையைக் குடைந்த 3,118 அடிச் சுரங்கம் மாத்திரம் பதினான்கு ஆண்டுகளை விழுங்கியது. 1850இல் கால்வாய் கம்பர்லாந்தை அடைந்தபோது, புகையிரதம் அங்கு வந்து எட்டாண்டுகள் கடந்திருந்தன. ஒகையோ ஆற்றை அடையும் எண்ணம் அத்துடன் கைவிடப்பட்டது. நிலக்கரி ஏற்றிய படகுகளும் 1924ஆம் ஆண்டு வெள்ளத்தின் பின் ஓடவில்லை.

பாழடைந்த அக்கால்வாயை 1938இல் அரசாங்கம் வாங்கியது. பின்னர் அதன் வழியே மோட்டார் வீதி அமைக்கும் யோசனை எழுந்தது. ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகை 1954 ஜனவரியில் அதனை ஆதரித்துத் தலையங்கம் தீட்டியது. அமெரிக்க உயர் நீதிமன்ற நீதியரசர் வில்லியம் டக்ளஸ் வாதாடவில்லை. “என்னுடன் நடந்து பாருங்கள்” என்ற கருத்தில் அப்பத்திரிகைக்கு ஒரு கடிதம் வரைந்தார். மார்ச் மாதத்தில் கம்பர்லாந்திலிருந்து தொடங்கிய நடையில் வெவ்வேறு கட்டங்களில் 58 பேர் கலந்துகொண்டனர். எட்டு நாட்களின் பின், முழுத்தூரத்தையும் நடந்து முடித்தவர்கள் நீதியரசர் உட்பட ஒன்பதின்மரே. எனினும் பத்திரிகை தன் கருத்தை மாற்றிக்கொண்டது, வீதி வரவில்லை. 1971இல் அக்கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று.

கம்பர்லாந்திலிருந்து ஒகையோ ஆறு தொடங்கும் பிட்ஸ்பேர்க் வரை மற்றொரு சைக்கிள் பாதை 2013இல் நிறைவெய்தியது. கால்வாய் எட்ட முடியாது நின்ற அவ்வாற்றுக்கு இன்று சைக்கிளோட்டிகள் சென்று சேர்கின்றனர். அவர்கள் செல்லும் அப்பிற்பகுதிப் பாதையின் பெரும்பகுதி, கைவிடப்பட்ட புகையிரதப் பாதையாகும்.