வழுக்கப் பழகணுமா, வழுக்காம ஓட்டப் பழகணுமா?

இந்த எபிசோடு என் கார்ல இருந்துதான் ஆரம்பிக்குது.

போன மழைக்கு ஓஎம்ஆர்ல போயிட்டிருந்தேன். முன்னாடி போன ஆட்டோ சட்டுனு நின்னது. பிரேக்கை ஓங்கி மிதிச்சேன். பெடல் காலுக்கு அடியில டகடகன்னு அதிர்ந்தது. ஏதோ உடைஞ்சிடுச்சுன்னு பயந்து காலை எடுத்துட்டேன். ஆட்டோவுக்கும் என் பம்பருக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளிதான் மிச்சம். அந்த அதிர்வு ஏபிஎஸ் வேலை செய்றதோட அறிகுறி, அப்போ காலை எடுக்கவே கூடாதுன்னு வீட்டுக்கு வந்து படிச்சப்பதான் தெரிஞ்சது. லைசென்ஸ் வாங்கி ஒன்பது வருஷம் ஆச்சு!

சரி, சொந்த கார்லயே ஒரு நாள் அட்வான்ஸ்டு டிரைவிங் பயிற்சிக்குப் போவோம்னு தேடினேன். ரெண்டு வகை இருந்தது. ஒண்ணு, டிராக்ல தண்ணி விட்டு, வண்டியை வழுக்க வச்சு மீட்கப் பழகறது. இன்னொண்ணு, பயிற்சியாளர் பக்கத்துல உட்கார, சாதாரண ரோட்டுல நாள் முழுக்க ஓட்டறது. மனசு முதல் பக்கம்தான் போச்சு. வீடியோவுக்கும் நல்லா இருக்குமே! ஆனா எதுவா இருந்தாலும் அதோட வரலாற்றைத் தோண்டற பழக்கம் என்னை விடல.

பிரிட்டனுக்குப் போவோம். 1930ஆம் வருஷச் சட்டம் கார்களுக்கான வேக வரம்பையே எடுத்துவிட்டது. லைசென்ஸ் வாங்க டெஸ்ட்டும் கிடையாது. 1934ல மட்டும் சாலையில் இறந்தவர்கள் 7,343 பேர். அடுத்த வருஷமே டெஸ்ட் கட்டாயமானது. ஊருக்குள்ள மணிக்கு 30 மைல் வரம்பும் வந்தது.

போலீஸ் வண்டிகளும் அடிக்கடி மோதிக்கிட்டுதான் இருந்தன. அதனால 1930களின் நடுவில் லண்டன் போலீஸ் ஹெண்டனில் ஒரு டிரைவிங் பள்ளியைத் தொடங்கியது. அங்கே ஆலோசகரா வந்தவர் கோட்டன்ஹாம் பிரபு. இவர் ரேஸ் ஓட்டினவர். வேகம் கத்துக் கொடுப்பார்னு நினைப்போம் இல்லையா? அவர் கொடுத்தது ஒரு வரிசை.

இன்னைக்கு அந்த முறை இப்படி இருக்கு: முதல்ல தகவல் சேகரி. அப்புறம் ரோட்டுல சரியான இடத்துக்கு வா. அப்புறம் வேகம், அப்புறம் கியர், கடைசியா ஆக்சிலரேட்டர். நம்ம பாஷையில சொன்னா ஒரு பைப்லைன். ஆனா தகவல் சேகரிக்கறது மட்டும் எல்லா ஸ்டேஜிலும் ஓடிக்கிட்டே இருக்கும்.

இந்த முறை 1955ல 'ரோட்கிராஃப்ட்' புத்தகமா பொதுமக்கள் கைக்கு வந்தது. 1956ல அட்வான்ஸ்டு மோட்டாரிஸ்ட்ஸ் நிறுவனம் தொடங்கி, இதை வச்சு சாதாரண ஆட்களுக்கும் டெஸ்ட் நடத்தியது. ஓட்ட வேண்டியது அவங்கவங்க சொந்த காரை, சாதாரண ரோட்டுல.

இப்போ வழுக்கல் பக்கம். நார்வே 1979ல புது ஓட்டுநர்களுக்கு வழுக்கல் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பிறகு ஆய்வு செஞ்சு பார்த்தா, வழுக்கல் ரோட்டுல இளம் ஆண்களோட விபத்து குறையல, கூடியிருந்தது! 1996ல வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒண்ணு ஏன்னு புரிய வைக்குது. ஒரு குழுவுக்கு வண்டியைச் சமாளிக்கற திறமையைச் சொல்லிக் கொடுத்தாங்க. இன்னொரு குழுவுக்கு 'உன் திறமையை நம்பாதே'ன்னு புரிய வச்சாங்க. சோதனையில ரெண்டு பேரோட நிஜத் திறமையும் ஒண்ணுதான். ஆனா முதல் குழு தன்னை ரொம்பப் பெரிசா எடை போட்டிருந்தது.

இதைப் படிச்சதும் என் ஆட்டோ சம்பவம் வேற மாதிரி தெரிஞ்சது. ஏபிஎஸ் தெரியாதது ரெண்டாவது தப்பு. மழையில அவ்வளவு ஒட்டி ஓட்டினதுதான் முதல் தப்பு. தகவல் ஸ்டேஜிலேயே நான் ஃபெயில்.

அதனால ரோட்டுப் பயிற்சியைத்தான் புக் பண்ணேன். காலியான இடத்துல என் கார்லயே ஏபிஎஸ் அதிர அதிர பிரேக்கை அழுத்திப் பிடிக்க ஒரு அரை மணி நேரம் தருவீங்களான்னு கேட்டேன், சரின்னாங்க.

நீங்களும் போறதா இருந்தா ரெண்டு விஷயம். டயர் பக்கவாட்டுல கடைசி நாலு எண்ணைப் பாருங்க: 3518னா 2018ஆம் வருஷம் 35வது வாரம் தயாரானது. அடுத்தது, பயிற்சியாளர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "சாயங்காலம் நான் எதுக்குப் பயப்படக் கத்துக்கிட்டு வீட்டுக்குப் போவேன்?" இதுக்கு உருப்படியா பதில் சொல்றவர்கிட்ட பணம் கட்டுங்க.