மண்ணறையும் மறுமை நெருப்பும்

மட்டக்களப்பிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருவழியில் ஏறாவூரைக் கடந்தால் கிரான். அதற்கும் வடக்கே வாழைச்சேனை, ஓட்டமாவடி. தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் அடுத்தடுத்து அமைந்த இப்பகுதியில், முஸ்லிம் வீட்டுச் சாவுக்குச் சென்ற அயலவர் ஒன்றைக் கவனித்திருப்பர். ஜனாஸாவை எடுப்பதில் அங்கு ஒரு விரைவு உண்டு. குளிப்பாட்டுதல், கபனிடுதல், தொழுகை, அடக்கம் என்னும் நான்கும் உயிரோடிருப்போர்மீது சுமந்த கடமைகள். இறந்தவர் நல்லவராயின் நன்மையிடம் அவரை விரைந்து சேர்ப்பிக்க வேண்டும் என்பது நபிமொழியின் கருத்து.

மரணத்துக்கும் மறுமை எழுச்சிக்கும் இடைப்பட்ட நிலையைத் திருக்குர்ஆன் 'பர்ஸக்' என்கிறது. அடக்கியோர் திரும்பியதும் முன்கர், நகீர் எனும் வானவர் இருவர் வந்து, இறைவன் யார், மார்க்கம் யாது, நபி யார் என வினவுவர். இப்பெயர்கள் திருக்குர்ஆனில் இல்லை, நபிமொழியில் வருவன. விடையறியாதார்க்குக் கபுறே நெருக்கும் சிறையாகும். ஈழத்து முஸ்லிம்களிடம் நெடுங்காலம் வழங்கிவரும் 'தல்கீன்' இவ்விடைகளை மண்ணின்மேல் நின்று நினைவூட்டுவதேயாம். அதற்கு ஆதாரமில்லை என மறுப்போரும் இன்று உளர். ஆயினும் அதிலுள்ள பரிவை எவரும் மறுத்தற்கில்லை.

இதன்பின் வருவது ஜஹன்னம். அதற்கு ஏழு வாயில்கள், காவலர் பத்தொன்பதின்மர், உணவோ கசப்பான ஸக்கூம் மரத்தின் கனி. இவற்றையெல்லாம் தமிழில் பாடப் புகுந்த புலவர்கள் புதுச்சொல் தேடி அலையவில்லை. 'நரகம்' என்ற பழஞ்சொல்லையே கைக்கொண்டனர். 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிரமசலாவில், மதீனாவின் யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் நபிகள் நாயகத்திடம் வினாக்கள் தொடுக்கின்றார். 1590இல் ஆலிப்புலவர் மிகுராசு மாலை பாடினார். சொல் ஒன்றாயினும் பொருளில் ஒரு வேற்றுமை உண்டு. இந்து சமய நரகம் வினை கழியும் இடம். அங்கிருந்து மீண்டும் பிறவி. இஸ்லாத்தில் மறுபிறவி இல்லை. ஆயினும் ஈமான் கொண்ட பாவிகள் தண்டனைக்குப்பின் மீட்கப்படுவர் என்பதே பெரும்பான்மை அறிஞர் கொள்கை.

நெருப்பினால் தண்டிக்கும் உரிமை நெருப்பின் அதிபதிக்கேயன்றி மனிதர்க்கு இல்லை என்பதும் நபிமொழி கூறும் விதி. இந்துவுக்குத் தூய்மை செய்யும் தீ, முஸ்லிமுக்கு இறைவனின் தண்டனைக் கருவி. இதை உணராதார்க்கு 2020இல் நேர்ந்த துயரம் விளங்காது.

அவ்வாண்டு கொவிட் நோயால் இறந்தோர் அனைவரையும் எரிக்க வேண்டுமென இலங்கை அரசு விதித்தது. அடக்கமும் ஏற்புடையதே என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 200க்கு மேற்பட்ட முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்டன. சாம்பலையும் ஒன்றுகூட்டி எழுப்ப இறைவன் வல்லவன் என்பதில் அவர்களின் உறவினர்க்கு ஐயமில்லை. தம் கடமை தம் கையிலிருந்து பறிக்கப்பட்டதே அவர்களை வருத்தியது.

2021 பெப்ரவரியில் தடை நீங்கியது. மார்ச் 5ஆம் திகதி முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கிற்று. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் உடல்கள் கிரானுக்கு வடக்கேயுள்ள அம்மண்ணுக்கு வந்துசேர்ந்தன. ஓராண்டில் அடக்கப்பட்டோர் 3,600க்கு மேற்பட்டோர். அவர்களுள் முஸ்லிம்களோடு இந்துக்களும் பௌத்தரும் கிறிஸ்தவரும் உளர். எரித்தமைக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது 2024 யூலையில்.