நாற்பது பேரில் ஒருவர்: இணையக் கூட்டு விளையாட்டுகளில் கடினமும் அணுகலும்

முன்னுரை

2004 நவம்பரில் வெளிவந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இணைய விளையாட்டில் 'மோல்ட்டன் கோர்' என்னும் நெருப்புக் குகைக்குள் நாற்பது பேர் சேர்ந்து இறங்குவார்கள். அங்கே பாரன் கெடன் என்ற பாஸ் (முதன்மை எதிரி), அவர்களில் யாரேனும் ஒருவரை நடமாடும் வெடிகுண்டாக மாற்றிவிடுவான். அவர் சில நொடிகளுக்குள் கூட்டத்தை விட்டு ஓடி ஒதுங்க வேண்டும். ஒதுங்கத் தவறினால் அருகில் நிற்பவர்களும் சேர்ந்து மடிவார்கள். முப்பத்தொன்பது பேர் பிழையின்றி ஆடியிருந்தாலும், ஒருவரின் தடுமாற்றம் எல்லோரையும் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்பிவிடக்கூடும்.

இத்தகைய கூட்டுப் போரை ஆட்டக்காரர்கள் 'ரெய்டு' என்பர். ரெய்டை எளிதாக்க வேண்டுமா, கடினமாகவே விட வேண்டுமா என்ற வாக்குவாதம் அது தோன்றிய நாள்தொட்டு ஓயவில்லை. இவ்வாதத்தில் இரண்டு வேறுபட்ட கடினங்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன என்பது என் கருத்து. ஒன்று, போரின் கடினம்: பாஸின் அசைவுகளைக் கற்று, உரிய நேரத்தில் உரியதைச் செய்வது. மற்றொன்று, கூடுவதன் கடினம்: ஆள் சேர்ப்பது, நேரம் ஒதுக்குவது, பிழை செய்தால் பழி சுமப்பது. பலரை வாசலிலேயே நிறுத்திவிடுவது இரண்டாவதுதான். முதலில் தளர்த்த வேண்டியதும் அதுவே.

தேர்வடமும் மலைக்கயிறும்

உளவியலாளர் ஐவன் ஸ்டைனர் 1972இல் குழுப்பணிகளை வகைப்படுத்தினார். அவற்றுள் இரண்டு இங்கே நமக்கு உதவும். ஒன்றில் ஒவ்வொருவரின் உழைப்பும் மற்றவருடையதோடு கூடிக்கொண்டே போகும். ஊர் கூடித் தேர் இழுப்பது இவ்வகை. ஒருவர் கை தளர்ந்தாலும் தேர் நகரும். இன்னொன்றில் குழு எவ்வளவு சாதிக்கும் என்பதை அதன் மிக நலிந்த உறுப்பினரே தீர்மானிப்பார். ஒரே கயிற்றில் பிணைந்து மலையேறுவோர் அத்தகையோர்.

ரெய்டில் இவ்விரண்டும் கலந்திருக்கின்றன. பாஸைத் தாக்கி அவன் உயிரைக் குறைப்பது தேரிழுப்பு. கெடனின் வெடி மலைக்கயிறு. வடிவமைப்பாளர்கள் ஒரு போரை எளிதாக்க முற்படும்போது பெரும்பாலும் எண்களில் கைவைக்கிறார்கள். 2010இல் அதே விளையாட்டின் 'ஐஸ்கிரவுன் சிட்டடெல்' ரெய்டில் ஆட்டக்காரர்களின் வலிமையை 5 விழுக்காடு வீதம் உயர்த்தி 30 விழுக்காடு வரை கொண்டுபோனது இதற்குச் சான்று. தேரின் எடையைக் குறைக்க இது நல்ல வழி. கயிற்றில் தொங்குபவரின் அச்சமோ இதனால் சிறிதே குறையும்.

வாசல் திறந்த வரலாறு

2006இல் திறக்கப்பட்ட 'நக்ஸ்ராமஸ்' ரெய்டுக்கும் நாற்பது பேர் தேவைப்பட்டனர். மிகச் சில கில்டுகளே (ஆட்டக்காரர்களின் நிலையான குழுக்களே) அதை முடித்தன. பெருவாரியான ஆட்டக்காரர்கள் அதன் உட்புறத்தைக்கூடப் பார்க்கவில்லை. 2008இல் அதே ரெய்டு 10 பேருக்கும் 25 பேருக்குமாக மீண்டும் வந்தது.

2011 நவம்பரில் வந்த 'ரெய்டு ஃபைண்டர்' இன்னும் ஒரு படி மேலே போனது. பொத்தானை அழுத்தி வரிசையில் காத்திருந்தால் முன்பின் தெரியாத 24 பேரோடு உள்ளே போகலாம். ஆள் சேர்க்கும் சுமை அடியோடு நீங்கியது. ஆனால் போரின் கடினமும் உடன் வெகுவாகக் குறைக்கப்பட்டதால், பேசாமலே, அடுத்தவர் பெயர் தெரியாமலே வெல்ல முடிந்தது. கதவு திறந்த அளவுக்கு உள்ளே கூட்டுறவு மெலிந்தது.

இவற்றைவிடச் சிறந்த விடைகள் அதே விளையாட்டில் இருக்கின்றன. 2009இல் வந்த 'உல்டுவார்' ரெய்டில் யாக்-சரோன் என்ற பாஸை எதிர்க்க நான்கு காவலர்கள் துணைக்கு வருவார்கள். அவர்களில் எத்தனை பேரை அழைப்பது என்பதைக் குழுவே முடிவு செய்யும். துணை குறையக் குறையப் போர் கடுமையாகும். கடினத்தின் அளவைத் தாமே பேசித் தீர்மானிக்கும் குழுவில் அந்தப் பேச்சே கூட்டுறவாகிவிடுகிறது. 2013இல் வந்த நெகிழ்முறை ரெய்டில், வந்த ஆட்களின் எண்ணிக்கைக்கேற்பப் பாஸின் வலிமை கூடிக் குறைந்தது. அதுவரை தலைவர் சரியாக 10 அல்லது 25 பேரைத் திரட்டியாக வேண்டும். பன்னிரண்டு பேர் வந்தால் இருவர் வெளியே நின்றாக வேண்டும். நெகிழ்முறையில் நண்பர் யாரையும் கழித்துவிட வேண்டியதில்லை. போரின் நுட்பமும் இதனால் கெடவில்லை.

அறிகுறியும் பழியும்

மாற்றுத்திறனாளிகளின் அணுகலும் கூடுவதன் கடினத்தோடு சேர்ந்ததே. 2018இல் வந்த 'செலெஸ்ட்' தனியாள் விளையாட்டு. அதன் உதவி முறையில் ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அது அந்த ஆட்டக்காரரின் சொந்த விஷயம். குழுவிலோ ஒருவருக்காக வேகத்தைக் குறைத்தால் எல்லோருக்கும் குறையும். ஆகவே கேட்கவே தயக்கம் வருகிறது.

தரையில் தோன்றும் ஆபத்து வட்டம் நிறத்தால் மட்டுமே வேறுபட்டால், நிறப் பார்வைக் குறைபாடுள்ளவர் அதில் நின்றுவிடுவார். எச்சரிக்கை குரல்வழி மட்டுமே வந்தால் காது கேளாதவர் தவறவிடுவார். தனியாக ஆடியிருந்தால் அவர் மட்டும் தோற்றிருப்பார். மலைக்கயிற்றுப் பணியில் குழுவில் உள்ள அனைவரும் தோற்கிறார்கள். வடிவமைப்பின் குறை ஒரு மனிதரின் குற்றமாகப் பதிவாகிறது. அதனால் அறிகுறிகளை நிறம், வடிவம், ஒலி, எழுத்து எனப் பல வழிகளில் தர வேண்டிய கடமை மற்ற விளையாட்டுகளைவிடக் கூட்டு விளையாட்டுக்கே அதிகம்.

ஒரு மறுப்பு

எல்லோரும் நுழைய முடிந்தால் வெற்றிக்கு மதிப்பேது என்று கேட்பர். ஒருவர் பிழை அனைவரையும் பாதிக்கும் என்ற பதற்றமே பல மாத முயற்சிக்குப் பின் வரும் வெற்றியை இனிதாக்குகிறது. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். அதற்கான இடமும் இருக்கிறது. 2014 முதல் மிகக் கடினமான 'மிதிக்' நிலை சரியாக 20 பேருக்கென்றே அமைக்கப்படுகிறது. விரும்பித் தேர்ந்தவர்கள் அந்தக் கயிற்றில் ஏறட்டும். ஆனால் மிதிக் போரிலும் வட்டம் எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். வட்டத்தைக் காண முடியாமல் செய்வதால் எந்த வெற்றியின் மதிப்பும் கூடாது.

முடிவுரை

ஆள் எண்ணிக்கை நெகிழட்டும். கடினத்தைக் குழு தேர்ந்துகொள்ளட்டும். அறிகுறிகள் பல புலன்களுக்கும் எட்டட்டும். இம்மூன்றும் அமைந்தபின் கெடன் ஒருவர்மீது வெடியை ஏற்றினால், அவர் அதைத் தெளிவாக அறிவார், எங்கே ஓட வேண்டும் என்பதையும் அறிவார். அப்போதும் தடுமாறினால் அது கற்றுத் திருத்திக்கொள்ளக்கூடிய பிழை. அடுத்த முறை அவர் ஓடுவதை மற்ற முப்பத்தொன்பது பேரும் மூச்சைப் பிடித்துப் பார்ப்பார்கள். அதற்காகத்தான் ரெய்டு கடினமாக இருக்க வேண்டும்.